எழுதிய தேதியும் எண்ணிய நாளும்



ஒரு தாளில் 05/11/2022 என்று எழுதியிருக்கிறது. இது எந்த நாள்? "நவம்பர் 5" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். முதலில் நாள், பிறகு மாதம், கடைசியில் ஆண்டு என்று எழுதுவது நம் வழக்கம். ஆனால் அமெரிக்காவில் படிக்கும் ஒரு மாணவனிடம் இதே தாளைக் காட்டினால் "மே 11" என்பான். அங்கே மாதத்தைத்தான் முதலில் எழுதுவார்கள். அவரவர் வழக்கப்படி இருவர் சொன்னதும் சரியே. ஆனால் இரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள தொலைவு 178 நாட்கள்!

இதே தாளை ஒரு கணிப்பொறியிடம் கொடுத்தால் என்ன ஆகும்? அது எந்த நாட்டு வழக்கத்திற்கு அமைக்கப்பட்டிருக்கிறதோ அந்த வழக்கப்படி படித்துக்கொள்ளும். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காது. இதனால் எங்களுக்கு நேர்ந்த சங்கடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிணறு சொன்ன பொய்

என்னிடம் இயற்பியல் பயிலும் மூன்று மாணவிகள் ஒரு கிராமத்துக் கிணற்றின் நீர்மட்டத்தை 2022-ஆம் ஆண்டு முழுவதும் நாள்தோறும் அளந்தார்கள். கிணற்றின் விளிம்பிலிருந்து நீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் நிற்கிறது என்பதைத் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வந்தார்கள். ஆண்டின் முடிவில் அவற்றைக் கணிப்பொறியின் விரிதாளில் ஏற்றினார்கள். விரிதாள் என்பது வரிசை வரிசையாகக் கட்டங்கள் கொண்ட தாள். ஒரு கட்டத்தில் எண்ணையோ எழுத்தையோ வாய்பாட்டையோ இடலாம்.

ஏற்றும்போதே ஒரு தொல்லை. 13 முதல் 31 வரையுள்ள தேதிகளைக் கணிப்பொறி தேதியாக ஏற்கவில்லை. இப்படி 221 தேதிகள். மாணவிகள் சலிக்காமல் அவற்றை ஒவ்வொன்றாக, மாதத்தின் பெயரோடு மறுபடியும் தட்டினார்கள். மீதி 144 தேதிகளைக் கணிப்பொறி தானாகவே ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டது சரியாகத்தானே இருக்கும் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு வரைபடம் வரைந்தோம். அதில் ஒரு விந்தை தெரிந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் பன்னிரண்டு நாட்களில் நீர் இறங்கி, மறுபடி ஏறி நின்றது. அதன் பிறகு மாத இறுதி வரை அமைதி. மாதத்தின் முற்பகுதியில் யாரோ பக்கத்து வயலுக்கு நீர் இறைக்கிறார்கள் போலும் என்று ஒரு காரணமும் கண்டுபிடித்துவிட்டோம். அதைக் கட்டுரையில் எழுதவும் தொடங்கிவிட்டோம்.

எங்களைக் காப்பாற்றியது பழைய நோட்டுதான். மே 11-ஆம் தேதி நீர் 11.4 மீட்டர் ஆழத்தில் இருந்ததாக நோட்டில் இருந்தது. கணிப்பொறியிலோ அதே நாளுக்கு 3.2 மீட்டர். அது நவம்பர் 5-ஆம் தேதியின் அளவு! கணிப்பொறி அமெரிக்க வழக்கத்திற்கு அமைக்கப்பட்டிருந்ததால், 05/11 என்று தட்டியதை மே 11 என்று எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களிலும் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரையிலான ஓராண்டு ஓடி முடிந்ததைத்தான் நாங்கள் நீர் இறைப்பு என்று நினைத்தோம்.

இந்தப் பிழையின் கணக்கைப் பாருங்கள். நாளும் மாதமும் இடம் மாறிப் படிக்கக்கூடிய தேதிகள் ஓராண்டில் 12 × 12 = 144. அவற்றில் 1/1, 2/2 போன்ற பன்னிரண்டு தேதிகளை எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். மீதி 132 தேதிகள் தவறிப் போகும். ஆண்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! அவை ஒன்றுக்கொன்று இடம் மாற்றிக்கொள்வதால், எந்தத் தேதியும் காணாமற் போவதில்லை. எந்தத் தேதியும் இரு முறை வருவதுமில்லை. எண்ணிப் பார்த்தால் 365 நாட்களும் இருக்கும். ஏற்க மறுத்த 221 தேதிகளால் எங்களுக்குத் தீங்கு நேரவில்லை. சத்தமில்லாமல் ஏற்கப்பட்டவைதாம் ஏமாற்றின.

தேதி எழுத்தும் நாள் எண்ணும்

இந்தக் குழப்பத்தின் வேர் எங்கே இருக்கிறது? நாம் எழுதும் தேதி ஓர் எண் அல்ல. அது எழுத்துகளின் வரிசை. இதைத் 'தேதி எழுத்து' என்று அழைப்போம். கணக்குச் செய்ய வேண்டுமானால், ஒரு தொடக்க நாளிலிருந்து எத்தனையாவது நாள் என்ற எண் வேண்டும். அதை 'நாள் எண்' என்போம்.

இரண்டும் வேறு என்பதற்கு ஒரு சோதனை. விரிதாளின் கட்டத்தில் சமக்குறி இட்டு =2024-08-15 என்று தட்டுங்கள். சுதந்திர தினம் கிடைக்காது. 2001 என்ற விடை கிடைக்கும். சிறு கோட்டைக் கழித்தல் குறியாகக் கொண்டு 2024-லிருந்து 8-ஐயும் 15-ஐயும் கழித்துவிட்டது!

சரி, கோடுகளை நீக்கி 20240831, 20240901 என்று எழுதினால்? இவை எண்கள்தாம். ஆனால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 70 வருகிறது. ஆகஸ்டு 31-க்கு மறுநாள்தான் செப்டம்பர் 1. இடைவெளி ஒரே நாள். ஆகவே எண்ணாக எழுதினால் மட்டும் போதாது. நாட்களை எண்ணியாக வேண்டும்.

இது கணிப்பொறிக்காரர்களின் புதுக் கண்டுபிடிப்பு அன்று. நம் நாட்டு வானியலாளர்கள் கிரக நிலையைக் கணிக்கும்போது, கலியுகத் தொடக்கத்திலிருந்து கடந்த நாட்களின் தொகையை முதலில் காண்பார்கள். அதற்கு அகர்கணம் என்று பெயர். அந்தத் தொடக்க நாள் கி.மு. 3102 பிப்ரவரி 18. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் சோழிகளைத் தரையில் அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்பவர் 1825-இல் பதிவு செய்திருக்கிறார். ஐரோப்பாவில் 1583-இல் ஜோசப் ஸ்காலிஜர் கி.மு. 4713 ஜனவரி 1-ஐத் தொடக்கமாகக் கொண்ட ஒரு காலக் கணக்கை வகுத்தார். வானியலாளர்கள் இன்றும் அதே நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கில் 2000 ஜனவரி 1 நண்பகலின் எண் 2451545.

விரிதாளும் இதையே செய்கிறது. 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்துக்கொண்டு எண்ணுகிறது. அதன் கணக்கில் 2000 ஜனவரி 1-இன் நாள் எண் 36526. கட்டத்தில் தேதி போலத் தெரிவது வெறும் தோற்றம். உள்ளே இருப்பது இந்த எண்தான்.

முதற்படி: ஒரே வரிசை

எழுத்தை எண்ணாக்குவதற்கு முன், எந்த எழுத்து ஆண்டு, எது மாதம், எது நாள் என்பதில் ஐயம் இருக்கக் கூடாது. இதற்காகவே சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1988-இல் 8601 என்ற எண்ணுள்ள தரத்தை வெளியிட்டது. அதன்படி ஆண்டு நான்கு இலக்கம், மாதம் இரண்டு இலக்கம், நாள் இரண்டு இலக்கம். இடையே சிறு கோடு. சுதந்திர தினம் 2024-08-15 என்று ஆகும்.

ரூபாய், பைசா எழுதும்போது பெரிய அலகை முதலில் எழுதுகிறோம். மணி, நிமிடம், வினாடியும் அப்படியே. தேதியையும் அந்த முறைக்குக் கொண்டுவந்ததுதான் இந்தத் தரம். இதில் இரண்டு நன்மைகள் உண்டு. முதலாவது, இப்படி எழுதிய தேதிகளை அகராதிச் சொற்களைப் போல வரிசைப்படுத்தினாலே கால வரிசையும் வந்துவிடும். இரண்டாவது, ஒவ்வொரு பகுதிக்கும் நிலையான இடம் இருக்கிறது. முதல் நான்கு எழுத்துகள் ஆண்டு. ஆறாவதும் ஏழாவதும் மாதம். ஒன்பதாவதும் பத்தாவதும் நாள். 8 என்பதை 08 என்று எழுதச் சொல்வது அழகுக்காக அல்ல, இடம் நகராமல் இருப்பதற்காக.

இரண்டாம் படி: கையால் மாற்றுதல்

கணிப்பொறியைத் தொடுவதற்கு முன் நாமே ஒரு முறை செய்து பார்ப்போம். 2024-08-15 என்பதன் நாள் எண் என்ன?

1. ஆண்டிலிருந்து 1901-ஐக் கழியுங்கள். 2024 − 1901 = 123 முழு ஆண்டுகள்.

2. அதை 365-ஆல் பெருக்குங்கள். 123 × 365 = 44895.

3. லீப் ஆண்டுகளின் மிகுதி நாட்களைச் சேருங்கள். 123-ஐ 4-ஆல் வகுத்தால் ஈவு 30. கூட்டினால் 44925.

4. நடப்பு ஆண்டில் கடந்த நாட்களைச் சேருங்கள். ஜனவரி முதல் ஜூலை முடிய 31 + 29 + 31 + 30 + 31 + 30 + 31 = 213. ஆகஸ்டில் 15. ஆக 228. கூட்டினால் 45153.

5. நாம் விட்டுவிட்ட 1900-ஆம் ஆண்டுக்காக 366-ஐச் சேருங்கள். விடை 45519.

விரிதாளில் அந்தத் தேதியை இட்டு, கட்டத்தின் தோற்றத்தை 'எண்' என்று மாற்றிப் பாருங்கள். அதே 45519 தெரியும். 1901 முதல் 2099 வரையுள்ள எந்தத் தேதிக்கும் இந்த முறை பொருந்தும்.

கவனமாகப் படித்தவர்கள் ஐந்தாவது படியில் நின்றிருப்பீர்கள். நூற்றாண்டு ஆண்டுகள் 400-ஆல் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 1900 அப்படி வகுபடாது. அந்த ஆண்டுக்கு 365 நாட்கள்தானே? உண்மைதான். 1983-இல் வெளியான லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் நிரலில் 1900 லீப் ஆண்டாகக் கொள்ளப்பட்டிருந்தது. அதன் பின்னர் வந்த எக்ஸெல், பழைய கோப்புகளின் கணக்கு மாறிவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பிழையையும் அப்படியே ஏற்றுக்கொண்டது. எனவே எக்ஸெலில் மட்டும் 1900 பிப்ரவரி 29 என்று ஒரு நாள் இருக்கிறது. அதன் எண் 60. லிப்ரே ஆஃபீஸ் விரிதாள் 1899 டிசம்பர் 30-ஐப் பூஜ்யமாகக் கொண்டு எண்ணுவதால், 1900 மார்ச் 1 முதல் இரண்டின் எண்களும் ஒத்துப்போகின்றன.

நாள் எண்ணிலிருந்து கிழமையும் கிடைக்கும். அதை 7-ஆல் வகுங்கள். மீதி 0 என்றால் சனி, 1 ஞாயிறு, 2 திங்கள் என்று தொடர்ந்து 6 என்றால் வெள்ளி. 45519-ஐ வகுத்தால் மீதி 5, வியாழக்கிழமை. 2024-ஆம் ஆண்டு நாட்காட்டியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: வாய்பாட்டால் மாற்றுதல்

நூற்றுக்கணக்கான தேதிகளைக் கையால் மாற்ற முடியாது அல்லவா? வாய்பாடு எழுதுவோம். ஏ2 என்ற கட்டத்தில் 2024-08-15 என்ற தேதி எழுத்து இருக்கிறது. பக்கத்துக் கட்டமான பி2-இல் இப்படி எழுத வேண்டும்:

=டேட்(லெஃப்ட்(ஏ2,4), மிட்(ஏ2,6,2), மிட்(ஏ2,9,2))

கணிப்பொறியில் இந்தப் பெயர்களை ஆங்கில எழுத்துகளில் தட்டுவீர்கள். லெஃப்ட் என்பது இடப்பக்கத்திலிருந்து நான்கு எழுத்துகளை வெட்டித் தருகிறது: 2024. முதல் மிட், ஆறாவது எழுத்திலிருந்து இரண்டைத் தருகிறது: 08. அடுத்த மிட், ஒன்பதாவதிலிருந்து இரண்டு: 15. இம்மூன்றையும் வாங்கிக்கொண்டு, நாம் ஐந்து படிகளில் செய்ததை டேட் என்ற சார்பு நொடியில் செய்து முடிக்கிறது.

டேட்வேல்யூ என்று இன்னொரு சார்பும் உண்டு. அதனிடம் முழுத் தேதி எழுத்தையும் கொடுத்தால் தானே பிரித்துக்கொள்ளும். ஆண்டை முதலில் வைத்து எழுதியிருந்தால் அது சரியாகவே படிக்கும். ஆனால் 05/11/2022 என்று கொடுத்தால் கணிப்பொறியின் நாட்டு அமைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். எங்கள் கிணறு அங்கேதான் கவிழ்ந்தது. எது ஆண்டு, எது மாதம் என்று நாமே வெட்டிக் கொடுக்கும் முறையில் அந்த ஐயத்திற்கு இடமில்லை.

மங்கள்யானின் பயணம் எத்தனை நாள்?

தேதியோடு நேரமும் சேர்ந்தால் என்ன செய்வது? நாள் எண்ணில் ஒரு முழு நாள் 1 என்றால், நேரம் அதன் பின்னம். நண்பகல் 0.5, காலை 6 மணி 0.25.

மங்கள்யான் விண்கலம் பூமியின் பிடியிலிருந்து செவ்வாயை நோக்கிப் புறப்பட்ட நேரம், இந்திய நேரப்படி 2013 டிசம்பர் 1 நள்ளிரவு கடந்து 49 நிமிடம். அனைத்துலக நேரம் நம் நேரத்திற்கு ஐந்தரை மணி பிந்தியது. அதன்படி நவம்பர் 30, 19:19 மணி. தரப்படுத்திய முறையில் இதை 2013-11-30டி19:19இசட் என்று எழுதுவார்கள். நடுவில் வரும் 'டி' என்ற ஆங்கில எழுத்து நேரம் தொடங்குவதைக் காட்டுகிறது. 'இசட்' என்பது அனைத்துலக நேரத்தின் அடையாளம். செவ்வாயைச் சுற்றும் பாதையில் நுழைய எந்திரம் இயக்கப்பட்டது 2014 செப்டம்பர் 24. இந்திய நேரம் காலை 7:17, அனைத்துலக நேரம் 01:47.

பயணம் எத்தனை நாள்? அனைத்துலகத் தேதிகளை மட்டும் கழித்தால் 41906 − 41608 = 298. இந்தியத் தேதிகளைக் கழித்தால் 41906 − 41609 = 297. ஒரே விண்கலம், ஒரே பயணம், விடை இரண்டு!

நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். அனைத்துலகக் கணக்கில் 41906.0743 − 41608.8049 = 297.2694. இந்தியக் கணக்கில் 41906.3035 − 41609.0340 = 297.2695. கடைசி இலக்க வேறுபாடு நாம் நான்கு தசம இடங்களோடு நிறுத்தியதால் வந்தது. இரண்டுமே 297 நாள் 6 மணி 28 நிமிடம்தான். எந்த ஊர்க் கடிகாரத்தில் பார்த்தாலும் கடந்த காலம் மாறாது. நாள் எண் அதைக் காட்டிவிடுகிறது. தேதி எழுத்து மறைத்துவிடுகிறது.

வாய்பாட்டில் மணிக்காக மிட்(ஏ2,12,2)/24, நிமிடத்திற்காக மிட்(ஏ2,15,2)/1440 ஆகியவற்றைக் கூட்டுங்கள். இந்திய நேரம் வேண்டுமானால் 5.5/24-ஐயும் கூட்டுங்கள்.

நம்பாமல் சோதியுங்கள்

டேட் சார்புக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. தவறுதலாக 2023-02-30 என்று எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஒரு நாள் இல்லை. ஆனால் சார்பு பிழை என்று சொல்லாது. பிப்ரவரியின் 28 நாட்களைக் கடந்து இரண்டு நாள் எண்ணி, மார்ச் 2-ஐக் கொடுத்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கிடைத்த நாள் எண்ணை டெக்ஸ்ட் என்ற சார்பால் மறுபடியும் ஆண்டு-மாதம்-நாள் எழுத்தாக மாற்றி, முதலில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். 2023-02-30 போய் 2023-03-02 திரும்பி வந்தால் உடனே தெரிந்துவிடும். வகுத்த கணக்கைப் பெருக்கிச் சரிபார்ப்பது போன்றதே இதுவும். இன்னொரு அடையாளமும் உண்டு: விரிதாளில் எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும், எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். ஒரே பத்தியில் தேதிகள் இரு பக்கமும் சிதறி நின்றால் ஏதோ கோளாறு என்று அறியலாம்.

இதெல்லாம் மாணவர்களின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட வேண்டாம். மனித மரபணுக்கள் சிலவற்றிற்கு 'மார்ச் 1', 'செப்ட் 2' என்ற சுருக்கப் பெயர்கள் இருந்தன. விரிதாள் அவற்றைத் தேதிகள் என்று கருதி மாற்றிவிட்டது. மரபணுப் பட்டியல்களை விரிதாள் கோப்பாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதாக 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் விஞ்ஞானிகள் மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள். 2020-இல் வெளியான புதிய விதிகளில் அவை 'மார்ச்எஃப் 1', 'செப்டின் 2' என்று ஆயின.

எங்கள் மாணவிகள் நோட்டைப் பார்த்து 365 நாட்களையும் ஆண்டு முதலில் வருமாறு மறுபடி தட்டினார்கள். புதிய வரைபடத்தில் கோடையில் நீர் மெல்ல இறங்கி, ஐப்பசி மழையில் ஏறியது. மாத முற்பகுதியில் நீர் இறைத்த அந்த 'யாரோ' மறைந்து போனார். நீங்களும் அளவு எடுக்கும்போது நோட்டில் முதல் நாளிலிருந்தே ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதுங்கள். கணிப்பொறியில் ஏற்றிய பிறகும் நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

1. 1947-08-15 என்பதன் நாள் எண்ணைக் கையால் காண்க. அன்று என்ன கிழமை?

2. சுதந்திரம் அடைந்த நாளிலிருந்து 1950-01-26 அன்று குடியரசு ஆகும் வரை எத்தனை நாட்கள் கடந்தன?

3. உங்கள் பிறந்த நாளின் எண்ணைக் கண்டு, இன்றைய நாள் எண்ணிலிருந்து கழித்து, உங்கள் வயதை நாட்களில் கூறுக.

விடைகள்: 1. 17394, வெள்ளிக்கிழமை. 2. 18289 − 17394 = 895 நாட்கள். 3. உங்கள் விடையை விரிதாளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.